கிறிஸ்தவக் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா? ஏறாவூர்த் தந்தையின் கேள்வியும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் குறிப்புகளும்

கேள்வி: 2025 பெப்ரவரி 3

என் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்திருக்கிறாள். மட்டக்களப்பு நகரப் பக்கத்தில், மிஷனரிமார் தொடங்கிய சிறிய கல்லூரி ஒன்றில் ஆறாம் தரத்துக்கு இடம் கிடைக்கும் போலத் தெரிகிறது. அங்கே ஆங்கிலமும் விஞ்ஞானமும் நன்றாகப் படிப்பிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். அவளுடைய வகுப்பில் வேறு முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்களா என்பது தெரியவில்லை. அவளுடைய உம்மா தயங்குகிறார். எங்கள் பிள்ளையை அங்கே ஏற்றுக்கொள்வார்களா? அனுபவம் உள்ளவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 3, இரவு

சேர்ப்பார்கள், தம்பி. அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. நான் மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஊரொன்றில், நீங்கள் சொல்வது போன்ற சிறிய கல்லூரியில் 27 ஆண்டுகள் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகு, மிஷன்கள் நடத்திய உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டன. எங்கள் கல்லூரியும் அப்படி வந்ததுதான். அதிபரை நியமிப்பது அரசாங்கம். சம்பளம் கொடுப்பதும் அரசாங்கம். மண்டபச் சுவரில் சிலுவை இருக்கும், கல்லூரிக் கீதத்தில் இயேசுவின் பெயர் வரும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சைவப் பிள்ளைகள். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், வீட்டில் போர்த்துக்கேய மொழி பேசும் பறங்கியர் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டொருவர், சில முஸ்லிம் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள்.

காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர்; பின்னர் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளானார். கத்தோலிக்கக் கல்லூரி அவரைச் சைவத்திலிருந்து பிரித்துவிடவில்லை. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

பெப்ரவரி 4

நேற்றிரவு எழுதியதைக் காலையில் திரும்ப வாசித்தேன். நீங்கள் கேட்டது ஏற்றுக்கொள்வார்களா என்று. நான் மறுமொழி சொன்னது சேர்ப்பார்களா என்ற கேள்விக்கு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே கடந்து போயிருக்கிறேன். ஆகவே இன்று வேறொன்றை எழுதுகிறேன்.

நம் நாட்டில் க.பொ.த. சாதாரண தரம் வரைக்கும், அதாவது பதினோராம் தர முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை வரைக்கும், சமயம் கட்டாய பாடம். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் சமயத்தைப் படிக்க வேண்டும். நேரசூசியில் சமயபாடம் வரும்போது வகுப்புக் கலையும். எங்கள் கல்லூரியில் சைவப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையிலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் விஞ்ஞான கூடத்துக்குப் போவார்கள். எங்கள் சபைப் பிள்ளைகள் மண்டபத்தின் மேடையில் கூடுவார்கள். இஸ்லாம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. ஒரு வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் மாணவி இருந்தாள். அவளை நூலகத்துக்கு அனுப்பினார்கள். நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் நான்.

அமைதியான பிள்ளை. சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று, புதிதாக வந்த புத்தகங்களுக்கு மண்ணிறத் தாளில் அட்டை போடும் வேலையை அவளிடம் கொடுத்தேன். மிக நேர்த்தியாகப் போடுவாள்; மூலைகளைக் கத்தரியால் சரிவாக வெட்டி, நகத்தால் அழுத்தி மடிப்பாள். நான் மற்ற ஆசிரியர்களிடம் அவளைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். நான்கு ஆண்டுகள், கிழமைக்கு இரண்டு பாடவேளை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த இஸ்லாம் பாடநூல் அவளுடைய பையில் இருந்தது. அந்தப் பாடவேளைகளில் அதை வெளியே எடு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது எட்டுப் பாடங்களில் ஏ, ஒன்றில் எஸ். அந்த ஒன்று இஸ்லாம். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் முதலிடத்தில் நின்ற பிள்ளைக்குத் தன் சமயத்தில்தான் மிகக் குறைந்த பெறுபேறு.

அவளை யாரும் ஒரு சொல்லாலும் நோகப் பண்ணவில்லை. எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். இதை நான் சொல்லத்தான் வேண்டும்.

பெப்ரவரி 6

கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் விபுலாநந்தரைப் பற்றி நான் எழுதியதை மறுத்திருக்கிறார். அவர் சொல்வது நியாயம். மிக்கேல் கல்லூரியில் படித்த அதே அடிகளார்தான் கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். மிஷன் பள்ளிக்கூடங்களே போதும் என்று அவர் எண்ணியிருந்தால் அந்தப் பாடு எதற்கு? திறமையான ஒரு சைவப் பையனை மிஷன் பள்ளிக்கூடம் மகிழ்ச்சியோடு வளர்த்தது. தம் சமூகத்துப் பிள்ளைகள் சொந்த வீட்டில் இருப்பது போல் இருந்து படிக்க வேறோர் இடம் வேண்டும் என்று வளர்ந்த பின் அவரே விரும்பினார். முதலாவதை மட்டும் சான்றாகக் காட்டியது என் பிழை.

எங்கள் சபையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்தே கணக்கிடுகிறது. அவர் வழிவந்தவர்கள் எழுத்தறிவித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதற்காக நான் என்றும் நன்றியோடு இருப்பேன். ஆனால் மதம் மாற்றுவதும் அவர்களுடைய நோக்கத்தில் ஒன்று. அந்தப் பழைய அச்சம் இன்றும் பெற்றோரின் மனத்தில் எங்கோ கிடக்கிறது. உங்கள் வீட்டில் உம்மா தயங்குவதை நான் குறையாக நினைக்கவில்லை.

பெப்ரவரி 9

சமய விகிதத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். சுருக்கமாக ஒரு விளக்கம். அரசாங்கம் பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற காலத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையில் ஒரு விதி உண்டு. அவர் எடுத்துக் காட்டியிருப்பது அதைத்தான். ஆறாம் தரத்துக்குப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிதான் வழி. தம்பி அதையிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

பெப்ரவரி 15

“மற்றச் சமயத்துப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், எங்களை மறந்துவிட்டீர்கள்” என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவி எழுதியிருக்கிறாள். அவள் படுவான்கரைப் பிள்ளை. சைவம்; எங்கள் கல்லூரியின் பெரும்பான்மைச் சமயம். அப்படியிருந்தும் ஏழாண்டுகள் தான் விருந்தாளியைப் போலவே இருந்ததாகச் சொல்கிறாள். வாசித்த பிறகு இரண்டு நாட்கள் என் மனம் அதிலேயே நின்றது.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்காக: வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. பட்டணம், பெரிய பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி எல்லாம் எழுவான்கரையில். வயல் படுவான்கரையில். அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் மண்டூர்ப் பக்கத்திலிருந்து பாதையேறி, குருமண்வெளித் துறையில் இறங்கி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். பாதை என்பது இங்கே மிதவைப் படகு. ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஏறும். பாடசாலை காலை 7.30 மணிக்குத் தொடங்கும். பிந்தி வருபவர்கள் வாயிலில் நின்று பிந்தியோர் பதிவேட்டில் கையெழுத்து வைத்து, காலைக் கூட்டம் முடியும் மட்டும் வெயிலில் நிற்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே ஐந்தாறு பெயர்கள்தான் மாறி மாறி வரும். அவர்கள் ஒழுங்கில்லாத பிள்ளைகள் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு மார்கழியில் மண்டூரில் செத்த வீடொன்றுக்குப் போய், இரவு அங்கேயே தங்கி, விடியப்புறம் அந்தப் பிள்ளைகளோடு நானும் பாதைக்கு வந்தேன். வாடைக்காற்றுப் பலமாக வீசியது. பாதை அக்கரையில் நின்றது. காற்றுத் தணியும் மட்டும் இக்கரைக்கு எடுக்க முடியாது என்றார்கள். பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தை ஒரு ஷொப்பிங் பையில் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் நின்றார்கள். துறையில் இறங்கிய பிறகு, கால் கழுவி, சப்பாத்தைப் போட்டுக்கொள்வார்களாம். அன்று நானும் 8.10 மணிக்குத்தான் வாயிலுக்குப் போனேன். என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை, அவர்களை நிறுத்தினார்கள். பாதையால் வரும் பிள்ளைகளை நேரே வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று அன்றே அதிபரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அது என் பதினெட்டாவது ஆண்டு.

அவர்களுடைய பேச்சைப் பற்றியும் அந்த மாணவி எழுதியிருக்கிறாள். “வகுப்பில் வாய் திறந்தால் சிரிப்பார்கள், ரீச்சர்; நீங்களும் ஒருமுறை சிரித்தீர்கள்” என்கிறாள். எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நான் தமிழ் படிப்பித்தவள். பட்டணத்தில் வழக்கொழிந்துபோன எத்தனையோ நல்ல சொற்களை வயற்கரைப் பேச்சில் இருந்தே எடுத்து வகுப்பில் காட்டியிருக்க முடியும்.

பெப்ரவரி 28

தம்பிக்கு ஒரு காரியம் சொல்ல மறந்துவிட்டேன். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை உண்டு. தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளை நோன்போடு பள்ளிக்கு வர வேண்டும். உடற்கல்விப் பாடவேளையில் மைதானத்தில் ஓடவிடாமல் இருக்க வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை தானாகச் சொல்லாது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போக வேண்டிய பையன்களுக்கும் முன்பே கடிதம் கொடுத்து அனுமதி எடுத்து வைப்பது நல்லது.

மார்ச் 5

இந்த ஆண்டு காலம் எப்படிக் கூடி வந்திருக்கிறது என்று பாருங்கள். பெப்ரவரி 26 சிவராத்திரி, மார்ச் 2 முதல் நோன்பு, இன்று விபூதிப் புதன். எட்டு நாட்களுக்குள் ஒரே வகுப்பில் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் விரதம் இருந்திருப்பார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விபூதிப் புதனன்று, கோயிலில் பூசைக்குப் போய்வந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்தார்கள். “உங்களுக்கும் திருநீறா?” என்று ஒரு சைவப் பையன் வியப்போடு கேட்டான். மனிதன் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே போகிறான் என்பதற்காகப் பூசுகிறோம் என்றாள் ஒரு பிள்ளை. எங்கள் அம்மம்மாவும் இதையேதான் சொல்வா என்றான் அவன். நான் அன்று நடத்தவிருந்த இலக்கணப் பாடத்தை விட்டுவிட்டு அவர்களைப் பேச விட்டேன். என் 27 ஆண்டுகளில் நான் மிக நன்றாகப் படிப்பித்த நாட்களில் அது ஒன்று.

மார்ச் 20: கேள்வி கேட்டவரிடமிருந்து

மகளைச் சேர்த்துவிட்டோம். அவளுடைய வகுப்பில் அவளோடு மூன்று முஸ்லிம் பிள்ளைகள். பர்தா அணிவதில் பிரச்சினை ஒன்றும் இல்லை. நோன்பைப் பற்றிச் சொன்னதும் வகுப்பாசிரியர் உடனே விளங்கிக்கொண்டார். சமயபாட நேரத்தில் மூன்று பேரையும் நூலகத்தில் இருக்கச் சொல்கிறார்களாம்.

மார்ச் 20, இரவு

கடைசி வசனத்தைப் பார்த்துவிட்டு எனக்கு நித்திரை வரவில்லை. மூன்று பேர் என்றால் வகுப்பு நடத்தலாம், தம்பி. தரம் 6 முதல் 11 வரை எல்லா முஸ்லிம் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு, இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் ஒருவரை, முழுநேரமாக இல்லாவிட்டால் பக்கத்துப் பாடசாலையிலிருந்து கிழமைக்கு ஒரு நாளாவது விடுவித்துத் தரும்படி, அதிபரூடாக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். அதிபர் மறுக்கமாட்டார், பெரும்பாலும் யாரும் கேட்காததால்தான் அது நடப்பதில்லை. நான் பார்த்த பெற்றோர் கேட்கத் தயங்கினார்கள். இடம் கொடுத்ததே பெரிது, இதற்குமேல் கேட்டால் பிள்ளையை வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்று பயந்தார்கள். அந்தப் பயம் ஒரு பெற்றோரிடம் இருக்கிறதென்றால் அங்கே பிள்ளையை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். பயம் போகும் மட்டும் காத்திருக்காமல் கேளுங்கள்.

மார்ச் 23

ஒளிவிழாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நத்தாருக்கு (கிறிஸ்துமசுக்கு) முன் எங்களுடையது போன்ற கல்லூரிகளில் நடப்பது. எங்கள் விழாவில் ஒருமுறை நன்றாக நடிக்கக்கூடிய ஒரு முஸ்லிம் பையனுக்கு இடையர்களில் ஒருவனாக வேடம் கொடுத்தோம். அவனுடைய வாப்பா வந்தார். கோபப்படவில்லை. ஈஸா நபியை நாங்களும் மதிக்கிறோம், மர்யம் என்ற பெயரில் குர்ஆனில் 19 ஆவது அத்தியாயமே இருக்கிறது, ஆனால் நபிமார்களை வேடமாகக் காட்டும் மேடையில் என் மகன் நிற்பது எங்களுக்குச் சரிவராது என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது. பக்கத்து ஊர்க்காரர்களின் வேதத்தில் எங்கள் மரியாளின் பெயரில் ஓர் அத்தியாயம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். பையன் திரைக்கு வெளியே நின்று வரவேற்புரை சொன்னான்.

மேடையில் நிற்காவிட்டால் பிள்ளை ஒதுக்கப்பட்டதாக ஆகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் எண்ணத்தில், மாட்டேன் என்று சொல்ல இடமிருந்ததும், சொன்ன பிறகும் அவனை எல்லோரும் முன்போலவே நடத்தியதும்தான் முக்கியம். வாணி விழாவில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்கும் அதே இடம் வேண்டும். கல்லூரியின் பெயர் கிறிஸ்தவமாக இருந்தாலும் அங்கே அவர்களும் சிறுபான்மைதான்.

ஏப்ரல் 21

இன்றைக்கு ஆறு ஆண்டுகள். 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவன் தற்கொலைக் குண்டை வெடிக்க வைத்தான். ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒன்றை எழுதாமல் இந்தக் குறிப்புகளை முடிக்கவும் முடியாது.

மே மாதத்தில் பாடசாலைகள் திறந்தபோது எல்லா இடத்திலும் புத்தகப் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். எங்கள் வாயிலில் மாணவியரின் பைகளைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. அந்த வருடம் எங்களிடம் ஏறத்தாழ 600 பிள்ளைகள். முஸ்லிம்கள் ஏழு பேர். நான்கில் ஒருவர் முஸ்லிமாக உள்ள மாவட்டத்தில் ஏழு பேர் மட்டும் ஏன் என்பது, 1990 இல் காத்தான்குடியிலும் உங்கள் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் அதே ஆண்டில் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டதும் தெரிந்தவர்களுக்கு விளங்கும். திறந்த நாளில் அந்த ஏழு பேரில் ஒருத்தி மட்டும் வந்தாள். ஒன்பதாம் தரம். நான் மற்றப் பிள்ளைகளின் பைகளை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளுடைய முறை வந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே பையைத் திறந்து, கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். பென்சில் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். அழிறப்பர் உருண்டு கீழே விழுந்தது. நான் போதும் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகுதான் போகச் சொன்னேன்.

நான் அந்தத் தேவாலயத்தில் இறந்தவர்களில் இருவரை அறிவேன். என் கையில் அன்று இருந்தது துக்கம் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை அந்தத் துக்கத்துக்கு ஒரு விதத்திலும் பொறுப்பில்லை. இரண்டு கிழமைகளுக்குப் பிறகு அவள் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு முஸ்லிம் பாடசாலை ஒன்றுக்குப் போய்விட்டாள். தகப்பன் அலுவலக வாசலில் என்னைக் கண்டு, பயணம் தூரம் என்பதால்தான் மாற்றுகிறோம் ரீச்சர் என்று மரியாதையாகச் சொன்னார். அவர்கள் வீடு கல்லூரிக்கு மூன்று கிலோமீற்றர்.

ஏப்ரல் 26

நூலகத்தில் அட்டை போட்ட பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். இங்கே அவளைப் பற்றி எழுதியதைச் சொல்லி, எழுதியது சரியா என்று கேட்டேன். அட்டை போடுவது தனக்குப் பிடித்தே இருந்தது என்றாள். நான் மனம் வருந்தக் கூடாது என்றும் சொன்னாள். சற்றுப் பொறுத்து, “பாடம் முடிந்து நான் வகுப்புக்குத் திரும்பும்போது மற்றவர்கள் தேவாரமோ கீதமோ ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள், ரீச்சர். எனக்குக் கையில் பசைதான் இருக்கும்” என்றாள்.

ஏப்ரல் 30

தம்பி எழுதிய செய்தி கண்டேன். எல்லா வகுப்பிலும் சேர்த்து முஸ்லிம் பிள்ளைகள் பதினொரு பேர். ஒன்பது பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மற்ற இருவர் யோசிக்கிறார்கள். ஒன்பது போதும், கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் பிள்ளைகளின் தரங்களையும், சமயபாடம் நேரசூசியில் எந்த நாளில் எந்தப் பாடவேளை என்பதையும் தனியாக எழுதுங்கள்; அப்போதுதான் வருகிற ஆசிரியரை எந்த நாளுக்கு விடுவிப்பது என்று அவர்களால் முடிவெடுக்க முடியும். அதிபரின் பரிந்துரையைக் கடிதத்தின் அடியிலேயே வாங்குங்கள். ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வரும் மட்டும், அந்தப் பாடவேளைகளில் மூன்று பேரும் இஸ்லாம் பாடநூலைத் திறந்து வைத்து வாசிக்கட்டும் என்று நூலகப் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லக் கூச்சப்பட்டால் நான் வந்து சொல்கிறேன்.